சிறை வாசலுக்கு உள்ளேயே தொடங்கிய உதவி: மோட் பூத்தும் ஹோப் ஹாலும்

சிங் சிங் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவரை 1890களில் நியூயார்க் தெருவில் அடையாளம் காண்பது பெரிய துப்பறியும் வேலையில்லை. நடையே காட்டிக்கொடுத்துவிடும். செல்லிலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கும் கைதிகள் 'லாக்ஸ்டெப்' என்ற முறையில்தான் போக வேண்டும். ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி நின்று, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, எல்லாரும் முகத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரே தாளத்தில் காலை இழுத்து இழுத்து வைப்பார்கள். பல வருடம் இப்படி நடந்தவருக்குக் கை வீசித் தனியாக நடப்பது மறந்துபோகும். பேச்சும் அப்படித்தான். கைதிகள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்பது அந்தச் சிறையின் ஆதி விதி. 7 அடி நீளம், 3 அடி 3 அங்குல அகலமுள்ள கல் கொட்டடியில் இரவும், பேச்சில்லாத பட்டறையில் பகலும் கழித்த மனிதர் வெளியே வந்ததும் முதலில் செய்ய வேண்டிய காரியம், முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் வாய் திறந்து வேலை கேட்பது.

கையில் சில டாலர் இருக்கும். உடம்பில் சிறை கொடுத்த சட்டை, கோட்டு. ஹட்சன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 30 மைல் தெற்கே வந்தால் நியூயார்க் நகரம். ஆனால் அந்த நகரம் முழுவதும் அவருக்குத் திறந்திருக்கவில்லை. நகரத் துப்பறியும் பிரிவின் தலைவர் தாமஸ் பர்ன்ஸ் 1880இல் ஃபுல்டன் தெருவை ஒரு கோடாக வகுத்தார். போலீசுக்குத் தெரிந்த குற்றவாளி யாராக இருந்தாலும், அந்தக் கோட்டுக்குத் தெற்கே வங்கிகளும் நகைக் கடைகளும் உள்ள பகுதியில் தலை தெரிந்தால் போதும், பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். அன்று அவர் ஏதாவது செய்தாரா என்ற கேள்வியே எழாது. 1886இல் அதே பர்ன்ஸ் இருநூற்றுச் சொச்சம் குற்றவாளிகளின் புகைப்படங்களோடு ஒரு தடித்த புத்தகமே வெளியிட்டார். தண்டனை முடிந்தாலும் முகம் அச்சில் இருந்தது.

உள்ளே கற்ற தொழிலாவது கைகொடுத்ததா? அதுவும் பெரிதாக இல்லை. சிறைப் பட்டறைகளைத் தனியார் ஒப்பந்தக்காரர்கள் எடுத்து நடத்தினார்கள். அங்கே மலிவாகச் செய்த பொருள் சந்தைக்கு வந்து தங்கள் கூலியைக் குறைக்கிறது என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. அதில் நியாயம் இருந்தது. விளைவாக 1894ஆம் ஆண்டின் நியூயார்க் மாநில அரசியல் சட்டம் சிறை உழைப்பை ஒப்பந்தத்துக்கு விடுவதைத் தடை செய்தது. 1897 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. இனி அரசுத் துறைகளுக்குத் தேவையானதை மட்டுமே கைதிகள் செய்யலாம். கொள்கையளவில் சரியான முடிவுதான். ஆனால் மாற்று ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. வேலை குறைந்த கைதி கொட்டடியில் சும்மா உட்கார வேண்டிய காலம் அது.

சரியாக இந்தக் கட்டத்தில்தான் மோட் பாலிங்டன் பூத் சிங் சிங்குக்குள் நுழைகிறார்.

அவர் அமெரிக்கர் அல்லர். 1865இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஓர் ஆங்கிலிக்கப் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். 16, 17 வயதில் குடும்பத்தின் முகச்சுளிப்பை மீறி சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு இயக்கத்தில் சேர்ந்தார். பாரிசிலும் சுவிட்சர்லாந்திலும் தெருப் பிரசாரம் செய்தார். ஜெனீவாவில் அந்தக் குழு மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டது. 1886இல் சால்வேஷன் ஆர்மி நிறுவனர் வில்லியம் பூத்தின் மகன் பாலிங்டனை மணந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பிரிவின் பொறுப்பு இருவர் கைக்கும் வந்தது. 1896 தொடக்கத்தில் மாமனார் லண்டனிலிருந்து இடமாற்ற உத்தரவு போட்டபோது இருவரும் மறுத்து விலகி, மார்ச் மாதமே 'வாலன்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். மாமனார் மருமகள் சண்டையாக அன்றைய பத்திரிகைகளுக்கு இது நல்ல தீனி. நமக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: பழைய இயக்கத்தின் பணமோ கட்டடமோ இல்லாமல் புதிதாகத் தொடங்கியவர், தன் வேலை எது என்று அப்போது தானே தேர்ந்தெடுக்க முடிந்தது.

அதே 1896 மே மாதம் சிங் சிங்கின் வார்டன், அதாவது சிறையின் தலைமை அதிகாரி, ஓமர் சேஜ் அழைப்பின்பேரில் அவர் கைதிகள் முன் பேசினார். வயது 30. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். பின்னாளில் அவர்களே அவரை 'லிட்டில் மதர்' என்று அழைத்தார்கள். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கும், அதனாலேயே அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் அங்கே சற்று நின்றுவிடுகிறார்கள். அவர் செய்த காரியத்தின் புதுமை வேறிடத்தில் இருக்கிறது.

விடுதலையானவர்களுக்கு உதவுவது புதிய யோசனையே இல்லை. அதே நியூயார்க்கில் அரை நூற்றாண்டுக்கு முன்பே அது நடந்தது. 1844இல் தொடங்கிய நியூயார்க் சிறைச் சங்கத்தின் பெண்கள் பிரிவு, 1845இல் விடுதலையான பெண்களுக்காக ஒரு வீடு திறந்தது. அதன் உயிர்நாடி அபி ஹாப்பர் கிப்பன்ஸ் என்ற பெண்மணி, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தந்தை ஐசக் ஹாப்பரைப் போலவே அடிமை ஒழிப்புக்காக நின்றவர். அதற்காகவே, கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து 1863இல் நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் அவர் வீட்டைக் கும்பல் சூறையாடியது. அந்த விடுதியில் பெண்களுக்குத் தையலும் துணி துவைப்பும் கற்பித்து, வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 1850களின் நடுவில் அந்தப் பெண்கள் பிரிவு ஆண்கள் நடத்திய தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கமானது. தங்கள் வேலையையும் பணத்தையும் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்ற பிடிவாதம். ஐசக் ஹாப்பர் பெயரைத் தாங்கிய அந்த இல்லம் 1870களில் நகரின் செகண்ட் அவென்யூவுக்கு இடம் மாறியது. விடுதலையான பெண்களுக்கான இப்படிப்பட்ட இல்லங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது.

சால்வேஷன் ஆர்மிக்கும் இதில் அனுபவம் உண்டு. 1883இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அவர்கள் தொடங்கிய குழு, சிறை வாசலில் காத்திருந்து விடுதலையாகிறவர்களை அழைத்துப் போய்ச் சோறும் படுக்கையும் கொடுத்தது. சாராயக் கடையும் பழைய கூட்டாளியும் காத்திருக்கும் அதே வாசலில் நாமும் காத்திருக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். எளிய, நல்ல தர்க்கம்.

மோட் பூத்துக்கு அது போதவில்லை. வாசலில் முதன்முதலாகச் சந்திக்கும் அந்நியரை விடுதலையான ஒருவர் ஏன் நம்ப வேண்டும்? அந்த அந்நியரும் இவரை எதை வைத்து நம்புவது? இருவருக்கும் இடையில் அறிமுகம் வேண்டும், அது விடுதலைக்குப் பல மாதங்கள் முன்பே உண்டாக வேண்டும். ஆகவே அவர் உள்ளிருந்து தொடங்கினார். 1896 டிசம்பரில் சிங் சிங்குக்குள்ளேயே 'வாலன்டியர் பிரிசன் லீக்' உருவானது. கைதிகளே உறுப்பினர்கள். சேர்பவர் ஐந்து விஷயங்களுக்கு உறுதி கொடுக்க வேண்டும்: அன்றாடம் ஜெபம் செய்வது, லீக் கொடுக்கும் சிறு நூலிலிருந்து அன்றைய பகுதியை வாசிப்பது, கெட்ட வார்த்தை பேசாமலிருப்பது, சிறை விதிகளுக்கு உண்மையாகக் கீழ்ப்படிவது, உடனிருப்பவர்களையும் நல்லபடி நடக்க ஊக்குவிப்பது. பதிலுக்கு ஒரு சிறிய பட்டன் பேட்ஜ், கொட்டடிச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ். 'நிமிர்ந்து பார், நம்பிக்கை கொள்' என்ற பொருளில் லீக்கின் முழக்கம்.

இன்று வாசிக்கும்போது இந்த உறுதிமொழியில் கொஞ்சம் ஞாயிற்றுப் பள்ளி வாசனை அடிக்கத்தான் செய்கிறது. சிறை விதிகளுக்குக் கீழ்ப்படிவதை ஒரு நல்லொழுக்கமாக்கியதால் வார்டன்களுக்கு லீக் வசதியாகவும் இருந்திருக்கும். பல மாநிலச் சிறைகளின் கதவு அவருக்கு எளிதாகத் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் இதைக் கைதியின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எண்ணால் அழைக்கப்படும் இடத்தில் தன் பெயர் எழுதிய ஒரு காகிதம் சுவரில் தொங்குகிறது. பேசக்கூடாத இடத்தில் பக்கத்துக் கொட்டடிக்காரரும் அதே பேட்ஜ் குத்தியிருப்பது கண்ணில் படுகிறது. எல்லாவற்றையும் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட சிறையில், தானாக விரும்பிச் சேரக்கூடிய ஒரே அமைப்பாக அது இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து 1913இல் சிறைச் சீர்திருத்தவாதி தாமஸ் மாட் ஆஸ்போர்ன் நியூயார்க்கின் ஆபர்ன் சிறையிலும், அடுத்த ஆண்டு சிங் சிங்கிலும் கைதிகளின் சுயநிர்வாகச் சங்கத்தை நடத்திக் காட்டினார். அது இதைவிட வெகு துணிச்சலான சோதனை. கைதிகளாலும் ஓர் அமைப்பை நடத்த முடியும் என்பதைச் சிங் சிங்கின் சுவர்கள் அதற்கு முன்பே பார்த்திருந்தன.

லீக் உள்ளே என்றால் 'ஹோப் ஹால்' வெளியே. 1896இலேயே நியூயார்க்கில் முதல் ஹோப் ஹால் தொடங்கியது. முதலில் மன்ஹாட்டனின் வடகோடியில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில், பிறகு லாங் ஐலண்டின் ஃப்ளஷிங்கில். இரண்டாவது இல்லம் சிகாகோவில். இடத் தேர்வைக் கவனித்தால் கணக்கு புரியும்: பழைய கூட்டாளிகளும் மதுக்கடைகளும் நெருங்கிய நகர மையத்திலிருந்து தள்ளி, ஆனால் வேலை தேடிப் போய்வரக்கூடிய தூரத்தில்.

அங்கே ஒரு விதி கறாரானது. சிறையிலிருந்து நேராக வர வேண்டும். வெளியே போய்ச் சில மாதம் சுற்றிவிட்டு, வேறு வழியில்லாதபோது வந்து கதவைத் தட்டுபவருக்கு அங்கே இடமில்லை. ஈரமில்லாத விதி போலத் தோன்றும். ஆனால் விடுதலையான முதல் சில நாட்கள்தான் ஒருவரின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்று நம்பியவருக்கு, அந்த நாட்களுக்காகவே ஒதுக்கிய படுக்கையை வேறு காரியத்துக்குக் கொடுக்க மனம் வராது. மேலும், சிறையைப் பற்றிக் கதை கட்டிக்கொண்டு இலவச உணவுக்கு வருபவர்களைத் தடுக்கவும் இந்த விதி பயன்பட்டது. உள்ளே லீக் இருந்ததால்தான் இந்த விதி சாத்தியமானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்போது வெளியே வருகிறார், எங்கே வர வேண்டும் என்பது இரு தரப்புக்கும் முன்பே தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஹோப் ஹாலை அவர் பொருட்காட்சியாக்கவில்லை. அந்தக் காலத்துத் தர்ம ஸ்தாபனங்களில் நன்கொடையாளர்களை அழைத்துவந்து, உதவி பெறுபவர்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவது சர்வசாதாரணம். மனந்திரும்பிய திருடரை மேடையேற்றிப் பழைய பாவங்களைச் சொல்லவைத்தால் கூட்டம் கண்ணீர் விடும், உண்டியல் நிரம்பும். மோட் பூத் வளர்ந்த இயக்கமே இதில் கைதேர்ந்தது. அவரோ வேடிக்கை பார்க்க வருபவர்களை வாசலோடு நிறுத்தினார். உள்ளே இருப்பவர்கள் வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்துகொண்டு, கைக்கும் காலுக்கும் பழைய பழக்கம் திரும்பும் வரை சில வாரம் தங்கி, வேலை கிடைத்ததும் கிளம்பலாம். தெருவில் நடையைப் பார்த்தே ஆளைக் கண்டுகொள்ளும் ஊரில், யாரும் உற்றுப் பார்க்காத சில வாரங்கள் எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பணம்? அதற்குத் தன்னையே மேடையேற்றினார். மோட் பூத் அன்றைய அமெரிக்காவின் புகழ்பெற்ற பேச்சாளர்களில் ஒருவர். ஊர் ஊராகப் போய்க் கட்டணம் வாங்கிப் பேசினார், அந்த வருமானம் இந்த வேலைக்குப் போனது. 1903இல் 'சிறைக்குப் பிறகு என்ன?' என்று கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு நூலும் எழுதினார். பேச்சிலும் எழுத்திலும் கைதிகளின் கதைகள் நிறைய உண்டு. ஆனால் கதைக்குரியவர் மேடையில் நிற்கவில்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேயேதான்: ஒரு பெண்ணின் தொண்டையை நம்பி ஓர் அமைப்பே நடந்தது.

குடும்பங்களை அவர் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சிறைக்குப் போனதும் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த மனைவி, உடுப்பில்லாமல் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். இவர்களைத் தேடிப் போக லீக்கின் ஆட்கள் இருந்தார்கள். கைதியின் கடிதம்தான் முகவரி. துணிமணி, கரி, மருந்து என்று அவரவர் தேவைக்கேற்ப உதவி போனது, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் பொம்மைகளும். இதைப் பரிவு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். திரும்பிப் போக ஒரு வீடு மிச்சமிருக்கும் மனிதருக்கு ஹோப் ஹாலே தேவைப்படாமல் போகலாம்.

இதெல்லாம் பலன் தந்ததா? தங்கள் இல்லத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் மறுபடி சிறைக்குப் போகவில்லை என்பது அவர் தரப்பு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. லீக்கில் சேர விரும்பி, விதிகளைக் கடைப்பிடித்து, நேராக இல்லத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே மாற முடிவெடுத்தவர்கள். ஹோப் ஹால் இல்லாவிட்டாலும் அவர்களில் சிலர் தப்பித்திருப்பார்கள். மற்றவர்களோடு ஒப்பிட அன்று ஒழுங்கான கணக்கும் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டவர் அங்கே பிடிபட்டால் இங்கே யாருக்குத் தெரியும்? கைரேகைப் பதிவே அமெரிக்கச் சிறைகளுக்கு 1903 வாக்கில்தான் வரத் தொடங்கியது.

ஆனால் எதற்கு எதிராக அவர் வாதாடினார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் முன்வைத்த 'பிறவிக் குற்றவாளி' கோட்பாடு அப்போது அமெரிக்கப் படிப்பாளிகளிடம் செல்வாக்கோடு இருந்தது. தாடையையும் காதையும் அளந்து ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம் என்று நம்பியவர்கள் உண்டு. பிறவியிலேயே வந்தது என்றால் படுக்கையும் வேலையும் கொடுத்து என்ன பயன்? இந்த வாதத்துக்கு மோட் பூத் அறிவியல் மறுப்பு எதுவும் எழுதவில்லை. எழுதும் படிப்பும் அவருக்கில்லை. சொன்னபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் மனிதர்களைக் காட்டினார். அவரது கணக்கில் ஓட்டைகள் இருந்தாலும், எதிர்த் தரப்பின் தாடை அளவைவிட அது நம்பகமானது.

அவர் கைவைக்காத இடங்களும் உண்டு. ஹோப் ஹால் ஆண்களுக்கானது. விடுதலையான பெண்களுக்கு ஹாப்பர் இல்லம் போன்ற சில இடங்களே கதி, அங்கிருந்தும் பெரும்பாலும் பிறர் வீட்டுச் சமையலறைக்குத்தான் வழி. யார் சிறைக்குப் போகிறார்கள், எந்தச் சட்டத்தின்கீழ் என்ற கேள்விகள் அவர் பேச்சின் மையத்துக்கு வரவில்லை. அவருக்குச் சிறை என்பது தனித்தனி மனிதர்களின் கூட்டம். அவர்களில் ஒவ்வொருவரையும் திருப்பிவிடலாம் என்பது அவர் மதத்திலிருந்து வந்த உறுதி.

இதற்கிடையில் அரசே அவர் வழிக்கு வந்தது, வேறொரு காரணத்துக்காக. நியூயார்க்கின் எல்மைரா சீர்திருத்தச் சிறையில் 1876 முதல் அதன் தலைமை அதிகாரி செபுலான் பிராக்வே நடைமுறைப்படுத்திய பரோல் மெல்ல நாடெங்கும் பரவியது. நம் ஊரில் பரோல் என்றால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ சில நாள் வெளியே வந்து திரும்புவது. அமெரிக்கப் பரோல் அதுவல்ல. தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது. முக்கிய நிபந்தனை, போவதற்கு முன்பே ஒரு வேலை உறுதியாகியிருக்க வேண்டும் என்பது. நல்லபடி நடந்துகொண்டும், வெளியே யாரையும் தெரியாததால் வேலைக்கடிதம் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பேற்கவும் வேலை பிடித்துக் கொடுக்கவும் லீக் போன்ற அமைப்புகள் முன்வந்தன. பரோல் சட்டங்கள் வேண்டும் என்று மோட் பூத்தும் பேசினார். 1920களின் தொடக்கத்தில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரோல் வந்துவிட்டது.

அவர் 1948இல், 82 வயதில் காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் அமெரிக்காவில் விடுதலையானவர்களுக்கான இல்லங்களை நடத்துகிறது. ஆனால் அவர் காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். இத்தகைய இல்லங்களில் தங்குபவர்கள் பெரும்பாலும் அரசின் உத்தரவில் வருகிறார்கள், அரசின் பணத்தில் தங்குகிறார்கள், நேரத்துக்கு வந்தாரா என்ற பதிவு அரசுக்குப் போகிறது. பரோல் அதிகாரி வேலை தேடித் தருபவராகவும் இருக்க வேண்டும், விதி மீறினால் மறுபடி உள்ளே அனுப்புபவராகவும் இருக்க வேண்டும். அவரிடம் போய் "வேலை போய்விட்டது, மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டேன்" என்று ஒருவர் மனம்விட்டுச் சொல்வாரா? ஹோப் ஹாலில் இருந்தவர் அதைச் சொல்ல முடிந்தது. கேட்பவரிடம் சிறைச் சாவி இல்லை.